காசை எண்ணும் முன் கண்ணை அளப்போம்: வீட்டு விமானக் காக்பிட்டின் வெளிக்காட்சித் திரைகள்

மதுரை விமான நிலையத்தில் ஒரு செஸ்னா 172ஐ மேலே எழுப்பி, மூக்கை நேராகத் திண்டுக்கல் பக்கம் திருப்பி, 2500 அடி உயரத்தில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? சிறுமலையில் போய் முட்டும். வரைபடத்தில் விமான நிலையத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே கோடு கிழித்தால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கோடு சிறுமலையின் மேல் ஏறி இறங்குகிறது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் மலை அது. அதன் மேட்டுநிலம் 1000 மீட்டரைத் தாண்டியது. அதனால் விமானமும் பேருந்து போகும் வழியில்தான் போக வேண்டும். வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துரை என்று நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வந்தால் வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் தள்ளிக் கொடைக்கானல் மலைத்தொடர், நடுவே சமவெளி. கடைசியில் திண்டுக்கல்லுக்கு நடுவே மலைக்கோட்டை நிற்கும் தனிப்பாறை.

இந்த வழியை வீட்டு மாடி அறையில், கணினியில் பறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் கிடையாது. விமானம் பற்றிப் பேசும் இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால், ஹைதராபாத் பக்கத்தில் விமானப்படைக் கழகம் இருக்கும் துண்டிகல்லா என்று கேட்கிறவர்களும் உண்டு. இங்கே பறக்க ஆசைப்பட்டவருக்கு வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டர்தான் கைக்கெட்டிய வானம். ஸ்டிக், பெடல், பட்டன் பலகை எல்லாம் சேர்ந்த பிறகு எல்லாரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: காக்பிட்டுக்கு வெளியே தெரிவதை எதில் காட்டுவது? ஒரு பெரிய டிவியா, மூன்று மானிட்டரா, புரொஜெக்டரா, தலையில் மாட்டும் வி.ஆர். கருவியா?

கடைக்குப் போனால் அங்குலமும் விலையும் பேசுவார்கள். அதற்கு முன் பேச வேண்டியது கோணம். ஒவ்வொரு வழியும் எவ்வளவு கோணம் காட்டுகிறது, அதற்கு என்ன விலை வாங்குகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மூடிய பெட்டியில் தொடங்கியது

விமானப் பயிற்சிக் கருவியின் வரலாறு வெளிக்காட்சியே இல்லாமல்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929இல் செய்த பயிற்சிப் பெட்டி, அவருடைய அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு அசைந்தது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கச் சொல்லித்தருவதுதான் அதன் முதன்மையான வேலை. ஆகவே மாணவர் தலைக்கு மேல் மூடியைச் சாத்திவிட்டார்கள். வெளியே பார்க்கக் கூடாது என்பதே பாடம்.

தரையிறங்கவும் பழக்க வேண்டும் என்று வந்தபோது சிக்கலும் வந்தது. சுவரளவு பெரிய பலகையில் ஊர், வயல், ஓடுபாதை எல்லாவற்றையும் சிறு வடிவில் செய்துவைத்து, அதன் மேல் ஒரு கேமராவை நகர்த்திப் படத்தை விமானியின் முன் காட்டினார்கள். 1970களில் வந்த ஆரம்பக் கணினிக் காட்சிகளுக்கு இரவை மட்டுமே வரையத் தெரிந்தது: கறுப்பில் விளக்குப் புள்ளிகள். இன்று விமான நிறுவனங்களின் விமானிகள் பழகும் மிக உயர்ந்த தரமான டி நிலை சிமுலேட்டரில் குறுக்காக 180 பாகை, நெடுக்காக 40 பாகை தொடர்ச்சியாகக் காட்சி தெரிய வேண்டும் என்பது விதி. இந்த 180க்கு 40 என்ற அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நாம் செய்வது எல்லாம் இதை எவ்வளவு மலிவாக எட்டிப் பிடிப்பது என்பதுதான்.

ஜன்னலின் கணக்கு

வீட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். நாலடி பின்னால் வந்தால் எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெரியும். ஜன்னல் மாறவில்லை, கண் மாறியது. சிமுலேட்டர் திரையும் அப்படிப்பட்ட ஜன்னல்தான். அதன் உண்மையான அளவு, உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது பிடிக்கும் கோணம். திரையின் பாதி அகலத்தைக் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுத்து, அந்த எண்ணின் டான்ஜென்ட் எதிர்க்கோணத்தை இரட்டித்தால் அந்தக் கோணம் கிடைத்துவிடும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

32 அங்குல மானிட்டரின் அகலம் கிட்டத்தட்ட 71 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது 54 பாகை. 43 அங்குல டிவி 95 சென்டிமீட்டர் அகலம். 80 சென்டிமீட்டர் தூரத்தில் 61 பாகை. 55 அங்குலம் 122 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தூரத்தில் 63 பாகை. 12 அங்குலம் கூடியும் கோணம் இரண்டு பாகைதான் ஏறியது, ஏனென்றால் நாமும் பின்னால் நகர்ந்துவிட்டோம். அங்குலத்துக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்கலாம். அது வீண்போகவில்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. திரை கண்ணில் 54 பாகைதான் பிடிக்கிறது. ஆனால் மென்பொருளில் பார்வைக் கோணத்தை 90 பாகை என்று வைத்துவிடுகிறோம், இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் தெரியட்டுமே என்று. உடனே திரை நடுவில் எல்லாமே பாதியாகச் சுருங்குகிறது. மூன்று கடல்மைல் தூரத்தில் இருக்கும் ஓடுபாதை ஆறு கடல்மைல் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். அந்தப் பொய்க்குக் கை பழகிவிட்டால் தரைக்கு எவ்வளவு உயரத்தில் மூக்கைத் தூக்குவது என்ற கணிப்பு கெடும். தரையிறங்கும்போது விமானம் துள்ளுவதற்கு ஸ்டிக்கைக் குறை சொல்கிறோம். குற்றவாளி பெரும்பாலும் இந்த எண்தான்.

ஒன்றா, மூன்றா?

ஒரே திரையில் மதுரை–திண்டுக்கல் வழியைப் பறந்து பார்ப்போம். கொடைரோட்டை நெருங்கும்போது சிறுமலை முதலில் திரையின் வலது ஓரத்தில் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் போனால் அது திரையை விட்டு வெளியே நழுவிவிடும். மலை பக்கத்தில்தான் இருக்கிறது, நம்மைவிட உயரமாகவும் இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. வெப்கேமைக் கொண்டு தலையசைவைப் பின்தொடரும் ஓப்பன்ட்ராக் போன்ற இலவச மென்பொருள் இதற்கு ஏழைக்கேற்ற மருந்து. தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரையில் காட்சி நிறையத் திரும்பும். பழகிவிடும். ஆனால் கண் திரையைப் பார்த்தபடியே கழுத்து வேறு பக்கம் திரும்பும் அந்த வித்தை, உண்மை விமானத்தில் யாரும் செய்யாதது. இரும்பும் பலகையும் வைத்துக் காக்பிட் கட்டியவருக்கு இன்னொரு தொல்லை: தலை திரும்பினால் திரையில் காட்சி நகர்கிறது, முன்னால் இருக்கும் பலகை நகர்வதில்லை. இரண்டும் பொருந்தாது.

ஆகவே மூன்று திரை. 43 அங்குல டிவி மூன்றை 61 பாகை திருப்பி வளைத்து நிறுத்தினால் சுமார் 184 பாகை கிடைக்கிறது. நெடுக்காக 37 பாகை. டி நிலை விதிக்கு ஒட்டினாற்போல் வந்துவிட்டோம். மொத்த அமைப்பும் 1.9 மீட்டர் அகலத்துக்குள் அடங்குகிறது. நம் வீடுகளில் வழக்கமான பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வைத்தாலும் இருபக்கமும் ஒவ்வோர் ஆள் நுழைய வழி இருக்கும்.

மூன்று திரையை நிறுத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. மூன்றையும் சேர்த்து ஒரே நீளப் படமாக வரையச் சொன்னால் ஓரங்கள் இழுபடும். தட்டையான படத்தில், நடுவில் ஒரு பாகைக்குக் கிடைக்கும் அகலத்தைப்போல 60 பாகையில் நாலு மடங்கு கிடைக்கும். சிறுமலை அணைக்கட்டு மாதிரி நீண்டு தெரியும். ஒவ்வொரு திரைக்கும் தனிக் கேமரா, அதற்கு உரிய திருப்பக் கோணம் என்று அமைப்பதே சரி. எக்ஸ்-பிளேன் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியரும் இதற்கு நெடுநாளாக இடம் தருகின்றன. பல கணினிகளைப் பிணைத்தும் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் வெளிவந்தாலும், பல திரை வசதி அதில் 2022இல்தான், அதுவும் சோதனை நிலையில், சேர்ந்தது.

திரைகள் சேரும் இடத்தில் தெரியும் கறுப்புச் சட்டம் பலருக்குக் கண்ணை உறுத்தும். உண்மை விமானத்திலும் கண்ணாடிகளுக்கு நடுவே தூண்கள் உண்டு. அட்டையாலோ பிளைவுட்டாலோ செய்த தூணை அந்தச் சட்டத்துக்கு முன்னால் வரும்படி வைத்துவிட்டால் குறையே அலங்காரம் ஆகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் ஒரு எச்.டி.எம்.ஐ. வழியும் மற்றவை டிஸ்பிளேபோர்ட் வழியுமாக இருக்கும், டிவிக்களில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அடாப்டர் வாங்கும்போது ஆக்டிவ் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிவியில் கேம் மோடைப் போடாவிட்டால், படத்தை அழகாக்குகிறேன் என்று அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் விமானம் கைக்குப் பிந்தியே அசையும்.

ஸ்டாண்டு விஷயத்தில் திண்டுக்கல்காரர் அதிர்ஷ்டசாலி. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இரும்பில் அளவு பிசகாமல் வேலை செய்கிற கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. டிவியின் முதுகில் இருக்கும் துளைகளின் அளவையும் 61 பாகைக்கு வெட்டிய ஓர் அட்டையையும் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால், ஸ்கொயர் பைப்பில் ஸ்டாண்டு வந்துவிடும்.

180ம் போதாத இடம்

இவ்வளவும் செய்த பிறகு திண்டுக்கல்லைச் சுற்றிவிட்டு மதுரைக்குத் திரும்பி, ஓடுபாதையைச் சுற்றி இடச்சுற்றாக வந்து இறங்க முயன்றால் ஒரு குறை தெரியும். ஓடுபாதைக்கு இணையாகப் போகும்போது அது நமக்கு நேர் இடப்பக்கம், 90 பாகையில் இருக்கும். அதன் முனை தோளுக்குப் பின்னால் 45 பாகை போன பிறகுதான் திரும்ப வேண்டும். அதாவது மூக்கிலிருந்து 135 பாகை. நம் 184 பாகை ஒவ்வொரு பக்கமும் 92 வரைதான். மிகத் தேவையான கணத்தில் ஓடுபாதை திரைக்கு வெளியே போய்விடுகிறது.

சிலர் மூன்று திரைகளையும் இடப்பக்கமாகத் தள்ளி வைப்பார்கள்: ஒன்று நேராக, மற்ற இரண்டும் இடப்பக்கம். இப்போது இடப்பக்கம் 150 பாகை வரை தெரியும். ஆனால் வலப்பக்கம் 31 பாகைதான். கொடைரோட்டில் சிறுமலை மறுபடி காணாமல் போகும். மதுரையின் சுற்று இடப்பக்கத்தைக் கேட்கிறது; திண்டுக்கல்லின் வழி வலப்பக்கத்தைக் கேட்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் இடப்பின்புறத்தில் நான்காவது திரை; இல்லாவிட்டால் ஸ்டிக்கில் ஒரு பட்டனை அழுத்தி அந்தக் கணத்துக்கு மட்டும் காட்சியைத் திருப்பிக்கொள்ளும் சமாதானம். எனவே திரை வாங்குமுன் தன்னைத்தானே கேட்க வேண்டியது, நான் எப்படிப் பறப்பவன் என்பது. ஏர்பஸ்ஸை ஓட்டி, நெடுந்தூரம் நேராக வந்து இறங்குகிறவருக்கு நடுத்திரை நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாலையும் குளமும் பார்த்துப் பறக்கும் செஸ்னாக்காரருக்குத்தான் பக்கங்கள் உயிர்.

தெளிவும் கணக்கில் வர வேண்டும். நல்ல கண் ஒரு பாகையில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 45 மீட்டர் அகல ஓடுபாதை மூன்று கடல்மைல் தூரத்தில் அரைப் பாகைக்கும் குறைவு. முன்சொன்ன 43 அங்குலத் திரை ஃபுல் எச்.டி.யாக இருந்தால் அந்த அகலத்துக்கு 13 புள்ளிகள். 4கே என்றால் 26. நடுத்திரை 4கே, பக்கத்திரைகள் ஃபுல் எச்.டி. என்று கலந்து வைப்பது கார்டின் சுமையையும் பர்ஸின் சுமையையும் குறைக்கும். மூன்று ஃபுல் எச்.டி. திரைகளின் மொத்தப் புள்ளிகள் ஒரே ஒரு 4கே திரையைவிடக் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும்.

வளைதிரையும் முடிவிலியும்

பெரிய டிவிக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்ற கேள்விக்கு இப்போது விடை. 80 சென்டிமீட்டர் தூரத்துத் திரையின் முன் தலையைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால், தூரத்து ஓடுபாதை தெரியும் திசை ஏழு பாகை மாறுகிறது. உண்மையில் அது மாறவே கூடாது. தூரத்துப் பொருள் நம்மோடு கூடவே வரும், பேருந்து ஜன்னலில் நிலா வருவதுபோல. திரை இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் இந்தப் பிழை மூன்று பாகையாகக் குறைகிறது. தூரத்துக்காகத்தான் அங்குலம்.

அந்தத் தூரத்தைத் தருவது புரொஜெக்டரும் வளைதிரையும். சட்டமே இல்லாத தொடர்காட்சி. மூன்று புரொஜெக்டர்களின் ஓரங்களைக் கலந்து, வளைவுக்கேற்பப் படத்தைத் திருத்தத் தனி மென்பொருள் உண்டு. ஆனால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத் திரைக்கே மூன்று மீட்டர் அகலம் வேண்டும். பத்தடி அறை 3.05 மீட்டர். திரையை நிறுத்தினால் நாம் வெளியில் நிற்க வேண்டியதுதான். கல்யாண மண்டபம் மாதிரி ஹால் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் காக்பிட் என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். இருக்கைகளுக்கு நடுவே ஒரு மீட்டர், திரை இரண்டு மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளிக்குக் கணக்கிட்டு வரைந்தால் இருவருக்குமே ஓடுபாதை 14 பாகை கோணலாகத் தெரியும். இதைத் தீர்க்கவே பெரிய சிமுலேட்டர்களில் படத்தை நேராகக் காட்டாமல் ஒரு பெரிய குழியாடியில் பட்டுத் திரும்பும்படி வைக்கிறார்கள். கதிர்கள் இணையாக வருவதால் படம் முடிவிலியில் இருப்பதாகக் கண் நம்பும். எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஓடுபாதை நேராக இருக்கும். அந்த ஆடி, மெல்லிய மைலார் தாளைக் காற்றை உறிஞ்சி வளைத்துச் செய்வது. வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் தூசும் கரண்ட் தடையும் உள்ள நம் மாடி அறையில் இரவும் பகலும் உறிஞ்சியை ஓடவிட்டு ஒரு தாளைக் காப்பாற்றுவது, வீட்டில் யானை கட்டிய கதைதான்.

தலையில் மாட்டும் ஜன்னல்

வி.ஆர். கருவி மேலே சொன்ன பல சிக்கல்களை ஒரேயடியாகத் தாண்டுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி உண்டு. 135 பாகையில் ஓடுபாதை இருக்கிறதா என்று உண்மையிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். இரு கண்ணுக்கும் தனிப்படம் என்பதால் ஆழமும் தெரியும். மெட்டா குவெஸ்ட் 3 குறுக்காக 110 பாகை காட்டுகிறது, பாகைக்கு 25 புள்ளிகள். நம் ஓடுபாதைக்குச் சுமார் 12 புள்ளிகள், ஃபுல் எச்.டி. டிவிக்குக் கொஞ்சம் கீழே.

குறை என்னவென்றால், ஆசை ஆசையாகச் செய்துவைத்த காக்பிட்டைக் கண் பார்க்காது. கை தடவித் தடவி ஸ்விட்சைத் தேடும். திண்டுக்கல் மே மாத மதியத்தில் முகத்தை மூடும் கருவியை அரைமணி நேரம் மாட்டிக்கொள்வது தனித் தவம். ஆனால் காக்பிட்டே கட்டாதவருக்கு, இடம் குறைந்தவருக்கு, சுற்று வட்டம் பழகுகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

திண்டு இருக்கிறது, கல்லைக் காணோம்

ஜன்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே ஊர் இருக்க வேண்டுமே. சிமுலேட்டர் காட்டும் மலைகள் பலவற்றுக்கும் அடிப்படை, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாளில் ரேடாரால் அளந்த உலக உயரத் தரவு. இந்தியாவுக்கு நெடுங்காலம் பொதுவில் கிடைத்தது 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான். சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் அது போதும். திண்டுக்கல் பாறையின் கதி வேறு. சில நூறு மீட்டர் அகலமே உள்ள செங்குத்துப் பாறைக்கு அந்த வலையில் சிக்கும் புள்ளிகள் சிலவே. நடுவில் உள்ளதை மென்பொருள் வழவழவென்று இழைத்துவிடும். திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல் என்று ஊருக்குப் பெயர் சொல்வார்கள். அந்தத் தரவில் திண்டு இருக்கும், கல் இருக்காது. முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கோட்டை கட்டிய மலை, புல் முளைத்த மேடாகத் தெரியும். நுண்ணிய தரவும் செயற்கைக்கோள் படமும் கொண்ட புதிய சிமுலேட்டர்களில் நிலைமை மேல். ஆனால் அவை நிலத்தை இணையம் வழியே இறக்கிக்கொண்டே இருக்கும். நெட் தடுமாறினால் ஊரும் மங்கும்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடலாம். மூன்று டிவியும் கணினியும் சேர்ந்து 700 வாட் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு மணி நேரம் பறந்தால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி வானத்துக்கே போய்விடும். சாதாரண இன்வெர்ட்டரை அதற்குரிய யு.பி.எஸ். மோடில் வைக்காவிட்டால், கரண்ட் போய் வரும் அந்த இமைப்பொழுதில் கணினி அணைந்து தரையிறங்கல் அந்தரத்தில் நிற்கும். அந்த 700 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறையில் தங்கும்; கான்கிரீட் கூரைக்குக் கீழே அது ஒரு சின்ன அடுப்பு. ஏ.சி.யின் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

முஷ்டிக் கணக்கு

எல்லாம் பொருத்திய பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? விலையில்லாத கருவி ஒன்று எல்லாரிடமும் உண்டு. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் கண்ணில் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை.

வெயில் ஏறுமுன் ஒரு காலையில் மலைக்கோட்டைக்கு ஏறலாம். உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் சிறுமலை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணிக்கொள்ளலாம். மலையின் உயரம் எத்தனை விரல், சிறுமலையின் விளிம்புக்கும் மேற்கே கொடைக்கானல் மலைக்கும் நடுவே எத்தனை முஷ்டி வெற்று வானம் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். பிறகு வீட்டுக்கு வந்து, சிமுலேட்டரில் அதே பாறையின் மேல், அதே திசையில் கண்ணை நிறுத்தி, இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையை நோக்கி அதே கையை நீட்டி எண்ண வேண்டும்.

எண்ணிக்கை ஒத்துவந்தால் திரை 32 அங்குலமாக இருந்தாலும் அது ஜன்னல்தான். குறைந்தால் மென்பொருளின் பார்வைக் கோணம் கூடுதல்; மிகுந்தால் குறைவு. மலை நடுத்திரையில் சரியாக இருந்து பக்கத்திரையில் நீண்டால் திருப்பக் கோணம் பிசகு. இத்தனையும் திருத்த ஒரு ரூபாய் செலவில்லை. அதன் பிறகும் பக்கவாட்டில் மலை போதவில்லை என்று தோன்றினால், அப்போது கடைக்குப் போகலாம். எத்தனை பாகை வேண்டும் என்று கேட்கத் தெரிந்திருக்கும்.